கடித்த குழாய்

தில்லைநாயகி பாரிசுக்கு வந்து ஒரு வருடம் ஆன பிறகு, அவளுடைய குசினிக் குழாய் அவளைக் கடிக்கத் தொடங்கியது.

முதல் நாள் அது கடி என்றே அவளுக்குப் புரியவில்லை. இடது கையால் அடுப்பில் இருந்த சட்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குழாயைத் திறந்தாள். முழங்கைக்குள் எறும்பு ஊர்ந்தது போல ஒரு சுரீர். கையை உதறினாள். வெங்காயம் வெட்டும்போது விரலில் பட்ட காயம் எரிகிறதென்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் மறுபடி அதே இடத்தில், அதே சுரீர். மூன்றாவது தடவை சட்டி கைதவறி விழுந்து பருப்பெல்லாம் தரையில் கொட்டியது. அப்போதுதான் தெரிந்தது, இது கரண்ட்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி அது. லிஃப்ட் இல்லை. ஒரு அறை, அலுமாரி அகலத்தில் ஒரு குசினி, இடையில் கதவில்லாத ஒரு வாசல். குசினியில் ஒரு பக்கம் காஸ் அடுப்பு, மறுபக்கம் கல்தொட்டியும் இரும்புக் குழாயும். இரண்டு கையையும் விரித்தால் இரண்டையும் தொடலாம். சுவரில் துணி சுற்றிய பழைய வயர் ஓடியது. அதன் மேல் யாரோ பலமுறை சுண்ணாம்பு பூசியதால், வயர் எது, சுவர் எது என்று தெரியாது. ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் வீடு இருண்டுவிடும். வாசல் கதவுக்கு மேலே இருக்கும் மெயின் சுவிட்சை மறுபடி தூக்கிவிட ஒரு கதிரையை அவள் எப்போதும் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

அவள் சங்கானையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தவள். புருஷன் வரதராசா முதலில் வந்து, ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு உதவியாளாகி, எண்பத்தைந்தாம் ஆண்டு அவளைக் கூப்பிட்டுக்கொண்டான். மத்தியானத்துக்கு முன்பே வேலைக்குப் புறப்படுவான். கடைசி மெத்ரோ ரயிலில் திரும்புவான். திங்கட்கிழமை லீவு. அன்றைக்கு அவன் தூங்குவான். பிள்ளைகள் இல்லை.

அவள் பகல் முழுவதும் யாரோடும் பேசுவதில்லை. ரொட்டி விற்கும் பாண் கடையில் ஒரு சொல், மீதிக்காசு வாங்கும்போது நன்றிக்கு ஒரு 'மெர்சி'. சில நாட்களில் வரதராசா வீட்டுக்கு வந்து ஏதாவது கேட்கும்போது, அவளுடைய குரல் தொண்டையில் ஒட்டிக்கொண்டு வராது. ஒருமுறை இருமிவிட்டுத்தான் பேசவேண்டியிருக்கும். அவன் அதைச் சளித் தடிமன் என்று நினைத்து மல்லித்தண்ணி குடிக்கச் சொல்வான்.

குழாய் கடிக்கிறதென்று அவனிடம் சொன்னாள். அவன் எழுந்துபோய்க் குழாயைத் தொட்டான். திறந்தான், மூடினான். அடுப்பைத் தொட்டுக்கொண்டும் தொட்டான்.

"ஒண்டும் செய்யேல்லையே, நாயகி."

"இப்ப செய்யாது. விடியக்காலமையும் பின்னேரமும்தான் கடிக்குது."

"கரண்டுக்கு நேரங்காலம் தெரியுமே?"

"நான் பொய் சொல்லுறனே?"

"பொய் எண்டு ஆர் சொன்னது? தனிய இருந்து இருந்து உமக்கு இப்பிடி ஏதேனும் தோன்றுது. வெளியிலை போய்க் கொஞ்சம் நடந்துபோட்டு வாரும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அது அதிகமாக வலித்தது. அன்றைக்குப் பிறகு அவள் குழாயைப் பற்றி அவனிடம் பேசவில்லை.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசப் பெண்ணிடம் போய், தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்த்து, "ரோபினே... எலெக்த்ரிக்" என்றாள். ரோபினே என்றால் குழாய். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தில்லைநாயகி போட்டிருந்த கம்பளிச் சட்டையை இழுத்துக் காட்டினாள். குளிர்காலத்தில் கம்பளி உரசினால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று அதற்கு அர்த்தம்.

ரூ பெர்தொனேயில் அப்போதுதான் ஒன்றிரண்டு தமிழ்க் கடைகள் முளைத்திருந்தன. அங்கே மிளகாய்த்தூள் வாங்கப் போனபோது, கடைக்காரரிடம் டெஸ்டர் இருக்கிறதா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். பெயர் மடுத்தீன். மன்னார்ப் பக்கம். கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் வயரிங் செய்கிறவர்.

"டெஸ்டர் என்னத்துக்கு அக்கா?"

அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்த டெஸ்டரையே எடுத்து நீட்டினார். திருப்புளி மாதிரி இருந்தது. கைப்பிடிக்குள் ஒரு குட்டி பல்ப்.

"முதல்லை மெயினை நிப்பாட்டுங்கோ. பிறகு இதின்ரை நுனியைப் பைப்பிலை வைச்சு, பின்பக்கத்திலை விரலை வையுங்கோ. பல்ப் பத்தேல்லையெண்டா உங்கடை வீட்டுப் பிழை. மெயினை நிப்பாட்டினாப் பிறகும் பத்திச்செண்டா, அது வேறை எங்கையோவிருந்து வருது. என்னெண்டாலும் அடுப்பையும் பைப்பையும் ஒண்டாத் தொடாதையுங்கோ. காலிலை றப்பர்ச் செருப்புப் போடுங்கோ."

அன்று பின்னேரம் கதிரையில் ஏறி மெயினைக் கீழே தள்ளினாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. குசினி இருட்டில் டெஸ்டரைக் குழாயில் வைத்தாள். கைப்பிடிக்குள் செம்மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தது.

தன் வீட்டில் ஒரு துளி மின்சாரம் இல்லை. ஆனால் குழாயில் இருக்கிறது. பயத்தை முந்திக்கொண்டு ஒரு நிம்மதி வந்தது. எனக்குப் பிரமை இல்லை.

பிறகு கொஞ்ச நாளில் மற்றதும் விளங்கியது. குசினி ஜன்னல், கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை இறங்கிய ஒரு குறுகிய காற்றுக்கூண்டுக்குள் திறந்தது. காலையில் அந்தக் கூண்டு வழியாகக் கீழ்வீட்டுக் கோப்பி மணம் ஏறி வரும். மணம் வந்து கொஞ்ச நேரத்தில் குழாய் கடிக்கும். பின்னேரம் கீழே றேடியோ கேட்கும். மறுபடி கடிக்கும். கீழ்வீட்டில் எதையோ போடும்போதுதான் இங்கே வருகிறது.

கீழ்வீட்டில் வயதான ஒரு பெண் தனியாக இருந்தாள். கட்டையாக வெட்டிய நரைமுடி, சாம்பல் நிறக் கோட்டு, கறுப்புச் சப்பாத்து. படியில் எதிர்ப்பட்டால் "பொன்ஜூர், மதாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவாள். நிறம் மாநிறம். மர்தினிக்கோ ரெயூனியனோ, ஏதோ ஒரு பிரெஞ்சுத் தீவுக்காரி என்று தில்லைநாயகி முடிவுகட்டியிருந்தாள்.

போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். பிரெஞ்சில் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு கீழே இறங்கி, அந்தக் கதவின் முன் நின்றாள். உள்ளே செருப்பு நடக்கும் சத்தம் கேட்டது. கையைத் தூக்கினாள். வரதராசாவின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. குடியுரிமை உள்ள ஒருத்தியோடு ஏதும் பிரச்சினையாகி, வீட்டுச் சொந்தக்காரன் காதுக்குப் போய், இந்த வீடும் இல்லையென்றானால்? கையை இறக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள்.

றப்பர்ச் செருப்பு வாங்கினாள். குழாயில் ஒரு காய்ந்த துணியைச் சுற்றிவைத்தாள். மடுத்தீன் டெஸ்டரைத் திரும்பக் கேட்கவில்லை. அது குசினித் தட்டில் கரண்டிகளோடு கிடந்தது.

ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் கோப்பி மணம் வந்ததும் அவள் டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்துப் பார்ப்பாள். அந்தப் பொட்டு எரியும். கீழே ஒருத்தி எழும்பிவிட்டாள். பின்னேரம் மறுபடி பார்ப்பாள். கீழே ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். ஆபத்தான பழுது அது, திருத்தவேண்டியது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் பார்த்தாள். நாள் முழுவதும் அவளிடம் யாராவது எதையாவது சொன்னார்கள் என்றால், அது அந்தப் பொட்டு மட்டும்தான்.

எண்பத்தேழு ஜனவரியில் பாரிசில் பனி கொட்டியது. ரயில்காரரின் வேலைநிறுத்தம் முடிவதற்குள் மின்சாரத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் நின்றது. அப்படி ஒருநாள் மத்தியானம் தாண்டி நின்றது, வெளிச்சம் மங்கிய பிறகுதான் திரும்பியது. தெருவிளக்கு, எதிர்வீட்டு ஜன்னல்கள், அவளுடைய ஹீட்டர், எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. மேல்மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்தாள். எரியவில்லை.

சோறு வடித்த பிறகு மறுபடி வைத்தாள். எரியவில்லை. றேடியோவும் கேட்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கோ எங்கேயோ போயிருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். காலையில் கோப்பி மணம் வரவில்லை. டெஸ்டரில் பொட்டு இல்லை. ஜன்னலைத் திறந்து காற்றுக்கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கீழ்வீட்டுக் குசினி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்திலும் எரிந்துகொண்டிருந்தது. நேற்றுக் கரண்ட் நின்றபோது போட்டபடி இருந்த சுவிட்சை யாரும் அணைக்கவில்லை.

இந்தத் தடவை அவள் வசனம் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. படியில் ஓடி இறங்கிக் கதவைத் தட்டினாள். "மதாம்! மதாம்!" பதில் இல்லை. குனிந்து கதவின் அடியில் காதை வைத்தாள்.

"யாரு... யாரு அங்க..." என்றது ஒரு குரல். பிறகு, "தண்ணி... மாதாவே, தண்ணி..."

தில்லைநாயகிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. தன் தலைக்குள்ளிருந்து கேட்கிறதோ என்று நினைத்தாள்.

"அம்மா, நீங்கள் தமிழோ?"

உள்ளே அழுகை கேட்டது.

போர்த்துக்கீசப் பெண் தொலைபேசியில் தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்து பூட்டை உடைக்கும்வரை தில்லைநாயகி கதவடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. கண்ணை மூடவேண்டாம் என்று சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். சங்கானையைப் பற்றி ஏதோ சொன்னாள். மாதக்கணக்காகப் பேசாமல் வைத்திருந்த பேச்செல்லாம் அந்தக் கதவிடுக்கு வழியாகப் போயிற்று.

கீழ்வீட்டுப் பெண்ணின் பெயர் மர்கரீத். கரண்ட் நின்ற இருட்டில் மெழுகுதிரி எடுக்கப் போய் விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கதிரையில் கிடந்த கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரவு முழுவதும் குசினித் தரையிலேயே கிடந்திருக்கிறாள். குளிரில் இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்று தீயணைப்புக்காரர் சொன்னதைப் போர்த்துக்கீசப் பெண் கையால் அபிநயித்துக் காட்டினாள். முதல்நாள் பின்னேரமே இறங்கிப் போயிருக்கலாமே என்ற எண்ணம் தில்லைநாயகியை அன்று சாப்பிட விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மர்கரீத்தின் மகள் ஜெனவியேவ் இருந்தாள். லியோனிலிருந்து வந்திருந்தாள். தமிழ் தெரியாது. தில்லைநாயகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள் எனப் புரிந்தது.

"ரோபினே," என்றாள் தில்லைநாயகி.

ஜெனவியேவ் தலையை ஆட்டினாள். தண்ணீர் ஒழுகியது போலும் என்று நினைத்துக்கொண்டாள். தில்லைநாயகியிடம் அதைத் திருத்துவதற்குச் சொற்கள் இல்லை.

மர்கரீத் புதுச்சேரிக்காரி. புருஷன் பிலிப் பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்தவர், இறந்து ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமாக அவள் தமிழில் யாரோடும் பேசியதில்லை. மருந்து மயக்கம் தெளிந்த ஒருநாள், போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க வீட்ல பேசறது எனக்குக் கேக்கும்மா. நீ வந்த நாள்லேர்ந்தே தெரியும், தமிழ்க்காரங்கன்னு."

தில்லைநாயகி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அகதிங்கன்னு சொன்னாங்க. பேச ஆரம்பிச்சா, அப்புறம் பேப்பர் எழுதித் தா, பிரெஃபெக்த்யூர் ஆபீசுக்குக் கூட வான்னு கேப்பீங்கன்னு பயந்துட்டேன். தப்புதான்."

ஒரு வருடத்துக்கும் மேலாகப் படியில் 'பொன்ஜூர் மதாம்' சொல்லிச் சுவரோரம் ஒதுங்கிய அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.  எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தில்லைநாயகி நினைத்தாள். ஆனால் போத்தலில் தண்ணீர் முடிந்திருந்தது. அதை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள். மறுநாளும் போனாள்.

மாற்றுடை எடுத்து வர மர்கரீத் தன் புதுப் பூட்டின் திறப்பைக் கொடுத்தாள். அந்தக் குசினிக்குள் போனபோது தில்லைநாயகி அதைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய வெந்நீர் பாய்லர். அதன் பின்னாலிருந்து ஒரு செப்புக் கம்பி இறங்கி, தண்ணீர்க் குழாயில் பித்தளைக் கவ்வியால் இறுக்கப்பட்டிருந்தது. தன் குழாய்க்குக் கரண்ட் வரும் வழி இதுதான். அவளே அதைக் கழற்றிவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னபோது மர்கரீத்தின் முகம் இறுகியது.

"அது என் புருஷன் கட்டுனது. அவரு எதையும் அரைகுறையா செய்யமாட்டாரு. உங்க வீட்டு அடுப்பைப் பாரு."

"அம்மா, நான் மெயினை நிப்பாட்டிப்போட்டும் பாத்தனான்."

"அவர் கைவேலையை நான் அவிழ்க்க விடமாட்டேன்."

 தில்லைநாயகி தோடம்பழத்தை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

மார்ச் கடைசியில் மர்கரீத் ஊன்றுகோலோடு வீட்டுக்குத் திரும்பினாள். பாய்லரைப் போடுவதற்கு முன்பே தில்லைநாயகி மடுத்தீனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். திங்கட்கிழமை என்பதால் வரதராசாவும் கூடவே வந்து வாசலில் நின்றான். மடுத்தீன் முதலில் கீழே நிலவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பாய்லரின் பின்னே கைவிளக்கைப் பிடித்து, நேரமெடுத்துப் பார்த்தார்.

"மதாம், இதைக் கட்டினவர் வேலை தெரிஞ்சவர்," என்றார். "கவ்வி போட்டு, துருப்பிடிக்காமல் பூசி, வடிவாச் செய்திருக்கிறார். அந்தக் காலத்திலை இப்பிடித்தான் செய்தவை. பாய்லருக்குள்ளை கரண்ட் கசிஞ்சா இந்தக் கம்பியாலை இறங்கி, தண்ணிக் குழாயாலை மண்ணுக்குள்ளை போயிடும். ஆரையும் தொடாது."

மர்கரீத் தில்லைநாயகியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாயா என்பது போல.

"ஆனா போன கோடையிலை நிலவறையிலை பழைய குழாயை வெட்டிப்போட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கினம். பிளாஸ்டிக்காலை கரண்ட் போகாது. இப்ப பாய்லரும் கசியுது. இறங்க வழியில்லாமல் அது குழாய் முழுக்க ஏறி நிக்குது."

"அப்போ எனக்கு ஏன் அடிக்கல?"

"நீங்கள் மரத்தளத்திலை நிக்கிறியள். பாய்லரும் பைப்பும் ஒரே கரண்டிலை நிக்குது. உங்களுக்குள்ளாலை பாயிறதுக்குப் போக்கிடம் இல்லை. அக்கா ஒரு கையிலை பைப்பையும் மற்றக் கையிலை காஸ் அடுப்பையும் பிடிக்கிறா. காஸ் குழாய் இப்பவும் மண்ணுக்குள்ளைதான் போகுது. கரண்டுக்கு அக்காதான் வழி."

மர்கரீத் நெடுநேரம் அந்தப் பித்தளைக் கவ்வியையே பார்த்தாள்.

"அப்போ அவரு தப்பு செய்யல. அவருக்குக் கீழே இருந்த மண்ணை எடுத்துட்டாங்க."

"ஓம், மதாம். அதுதான் நடந்தது."

"சரி. கழட்டிடு."

 வாசலில் நின்ற வரதராசா மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகுமுன் கடைக்குப் போய், தடித்த றப்பர் விரிப்பு ஒன்று வாங்கிவந்து குசினியில் கல்தொட்டிக்கு முன்னால் விரித்தான். அதன் மூலைகளை நேராக்கிவிட்டு, "இதிலை நிண்டு வேலை செய்யும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜெனவியேவ் லியோனிலிருந்து வீட்டு முகவரோடு தொலைபேசியில் பேசினாள். தில்லைநாயகியால் மாதக்கணக்கில் முடியாத காரியம் அந்தப் பேச்சில் முடிந்தது. ஆட்கள் வந்து கசிந்த பாய்லரை மாற்றி, நிலத்தில் செப்புத் தண்டு இறக்கி, எல்லா மாடிக்கும் பச்சை மஞ்சள் எர்த் வயர் இழுத்தார்கள். மெயினுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி பூட்டினார்கள். போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் குறைந்தாலும் தானாகவே நிறுத்திவிடும் என்று மடுத்தீன் விளக்கினார். "இடையிலை ஆரின்ரையோ உடம்பிலை போகுது எண்டு அதுக்கு விளங்கிடும், அக்கா."

அந்த வருடத்துக் கோடை தில்லைநாயகிக்கு நன்றாக இருந்தது. பின்னேரங்களில் கீழே போவாள். மர்கரீத்துக்கு அவள் சமைக்கும் உறைப்பு ஒத்துக்கொள்ளாது. ஒரு வாய் வைத்துவிட்டு, "கொலைகாரி!" என்று கண்ணைத் துடைப்பாள். இவளுக்கு அவளுடைய ஒயின் ஊற்றிய இறைச்சிக் குழம்பு வயிற்றைப் பிரட்டும். இருவரும் அவரவர் கோப்பையோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். ஜன்னலுக்கு அப்பால் மெத்ரோ பாலத்தின் மேல் போகும். பிலிப்பைப் பற்றி மர்கரீத் சொல்வாள். தில்லைநாயகி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். சில பின்னேரங்களில் இருவருமே பேசாமல் இருப்பார்கள். அது வேறு விதமான பேசாமை.

ஒக்தோபரில் ஜெனவியேவ் வந்து தாயைத் தன்னோடு கூட்டிப்போனாள். இன்னொரு குளிர்காலம் தனியே விடமுடியாது என்றாள். மகள் சொல்வது நியாயம்தான். பெட்டிகளைக் கட்டத் தில்லைநாயகியும் உதவினாள். மர்கரீத் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கி, "ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்," என்றாள்.

பண்ணினாள். முதலில் ஒவ்வொரு ஞாயிறும். பிறகு ஜெனவியேவ் எடுத்து, அம்மா தூங்குகிறாள் என்பாள். பிறகு மர்கரீத்தே எடுத்தாலும், நடுவில் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். தன்னோடு பேசுவது யார் என்பதே அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் ஜெனவியேவின் குரல் வேறு மாதிரி இருந்தது. நீளமாகப் பேசினாள். தில்லைநாயகிக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. மர்கரீத் போய்விட்டாள் என்று அறிய அது போதுமாக இருந்தது. "உய்... உய்..." என்று பிரெஞ்சில் ஆமாம் மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள். அந்தத் தாயோடு என்னென்ன பேசினாள் என்பதை அந்த மகளிடம் சொல்லத் தன்னால் ஒருபோதும் முடியாது என்று ரிசீவரை வைத்தபோது தெரிந்தது. கீழ்வீட்டுக்கு ஒரு இளம் வெள்ளைக்காரத் தம்பதி வந்திருந்தது. படியில் வேகமாக இறங்கிப் போவார்கள்.

இதற்கிடையே குழாய்க் கதை, தமிழ்க் கடைகள் இருந்த லா சப்பல் பகுதியில் பரவியிருந்தது. புதிதாக வந்து, பழைய அறைகளில் நெருக்கியடித்து இருந்த பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். "அக்கா, எங்கடை சுவிட்ச் சுடுது." "அக்கா, பிறிட்ஜைத் தொட்டா அடிக்குது." அவள் டெஸ்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாள். திருத்தமாட்டாள். அது மடுத்தீனின் வேலை. அவள் பார்த்துச் சொல்வாள். ஒரு பிளக்கில் ஹீட்டரும் மின்னடுப்பும் சேர்த்துப் போடாதே. ஃபியூஸ் போனால் தடித்த கம்பி வைக்காதே. உருகிப்போகத்தான் அதை வைத்திருக்கிறது, அது உருகாவிட்டால் சுவருக்குள் வயர் உருகும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே. வேலை முடிந்ததும் அவர்கள் நன்றி சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். எல்லாருக்கும் பிள்ளை, சமையல், வேலை. அவள் தன் படிகளை ஏறுவாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் கௌரி என்ற பெண் கூப்பிட்டாள். மட்டுவில் பக்கம். புருஷனிடம் வந்து நான்கு மாதம். அவன் இரவு வேலை, பகலில் தூக்கம். தெருவின் மறுமுனையில் ஐந்தாம் மாடி. பிளக் ஒன்று சூடாகிறதென்று சொல்லியிருந்தாள். தில்லைநாயகி போய்க் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. டெஸ்டர் வைத்தாள். எல்லாம் சரி. புதிய வயர்.

"ஒரு பிழையும் இல்லை, பிள்ளை."

"அப்பிடியே அக்கா? எனக்குச் சுட்ட மாதிரி இருந்தது."

அடுத்த கிழமை மறுபடி கூப்பிட்டாள். குசினி பல்ப் மின்னுகிறதாம். பல்ப் மின்னவில்லை. தில்லைநாயகி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கௌரி பேசினாள். பாண் கடைக்காரி முறைக்கிறாள், அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்க முடியவில்லை, இந்த ஊரில் வெயில் எப்போது வரும் என்றெல்லாம் நிறுத்தாமல் பேசினாள். நடுவில் குரல் கட்டிக்கொண்டது. இருமிவிட்டுத் தொடர்ந்தாள்.

தில்லைநாயகி டெஸ்டரைப் பைக்குள் போட்டாள். கௌரி பேச்சை நிறுத்தினாள். அவளுடைய கண் கதவுக்குப் போயிற்று.

"போகப்போறியளோ, அக்கா?"

"இல்லை," என்றாள் தில்லைநாயகி. கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டாள். "பிளேன்ரீ போடும், பால் வேண்டாம். சீனி கொஞ்சமாப் போடும்."

கௌரி கேத்தலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.